முள்ளைத் திருத்தும் கை

(மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட ஒரு நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாங்கும் சிக்னலின் அதிர்வெண்ணில் வரும் பிழையை மின்சுற்றுகள் எப்படித் திருத்துகின்றன என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் கலங்கிப்போனார். “இதைக் கேட்க யார் சார் வருவாங்க?” என்றார். “ரேடியோவில் ஸ்டேஷன் பிடித்தவர்கள் எல்லாரும் வரலாம்” என்றேன். முன்வரிசையில் இருக்கும் நரைத்த தலைகளைப் பார்த்தால் என் கணக்கு தப்பவில்லை என்று தெரிகிறது.

நான் வளர்ந்தது தூத்துக்குடியில். எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அதைப் போடுவார். வால்வுகள் சூடேறிக் குரல் வருவதற்கே ஒரு நிமிடம் ஆகும். சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். இரண்டு பாட்டு நன்றாகப் போகும். மூன்றாவது பாட்டில் பாடுகிறவருக்கு மூக்கடைத்தாற்போல் இருக்கும். நாலாவதில் கரகரப்பு கலந்துவிடும். அப்பா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் குமிழை ஒரு மயிரிழை திருப்புவார். பாட்டு தெளிந்துவிடும். ஒரு நாள் அவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு திருப்பப் போனேன். “டேய், முள்ளைத் தொடாதே. நீ எந்தப் பக்கம்னு தெரியாமத் திருப்புவே” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இன்றைய உரையின் பாதி அடங்கியிருக்கிறது. பிழை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் என்றும் தெரியவேண்டும். அப்பாவின் காது பிழையை அளந்தது, மனம் பக்கத்தைத் தீர்மானித்தது, கை திருத்தியது. திருத்தியதன் பலனைக் காது மறுபடி கேட்டது. இந்த வட்டத்தை மனிதன் இல்லாமலே மின்சுற்று சுற்றிவரும்படி செய்வதற்குப் பொறியாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில், முள் ஏன் நகர்ந்தது? உண்மையில் முள் நகரவே இல்லை, வைத்த இடத்தில்தான் இருந்தது. நகர்ந்தது உள்ளே இருந்த ஆசிலேட்டர். பாடப்புத்தகம் அதை அலையியற்றி என்று சொல்லும். 1918-இல், முதல் உலகப்போர்க் காலத்தில், பாரிஸில் இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில்தான் நம் வீட்டு ரேடியோக்கள் எல்லாம் வேலை செய்தன. வரும் சிக்னலோடு, ரேடியோ தானே உண்டாக்கும் இன்னொரு அலையைக் கலப்பார்கள். இரண்டின் வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸாக, இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைக் கேட்கவேண்டுமானால் உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் 1175-இல் ஓடவேண்டும். எந்த ஸ்டேஷன் வந்தாலும் அதை 455-க்கு இறக்கி, அங்கே நிதானமாக வடிகட்டிப் பெருக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் அந்த ஆசிலேட்டரை நம்பித்தான். அது ஒரு காயிலும் ஒரு கண்டென்சரும் சேர்ந்த சுற்று. வால்வின் சூட்டில் காயில் விரியும், கண்டென்சரின் தகடுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறும். ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் போதும். மத்திய அலையில் அது ஒரு கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. சிற்றலையில், 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், அதே ஆயிரத்தில் ஒரு பங்கு 7 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஸ்டேஷன் பாதி கதவுக்கு வெளியே நிற்கும். ரேடியோ ஒரு மணி நேரம் ஓடி, சூடு ஒரு நிலைக்கு வந்தபின் அப்பாவின் கைக்கு வேலை இருக்காது.

பிறகு எஃப்எம் வந்தது. 101.4 மெகாஹெர்ட்ஸில் சென்னை ரெயின்போ கேட்கவேண்டுமானால் ஆசிலேட்டர் 10.7 கூட்டி 112.1 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இங்கே 112 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம் ஒலிபரப்பில் அலை இருபுறமும் அசைவதே அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ்தான். அசையவேண்டிய தூரத்தைவிட நழுவிய தூரம் அதிகம் என்றால் என்ன கேட்கும்? கையால் திருத்திக்கொண்டே பாட்டுக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பக்கம் தெரியவேண்டும் என்றேனே, அதற்கு வருவோம். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருந்தால் ஒலி விம்மி விம்மி வரும். விநாடிக்கு இரண்டு விம்மல் கேட்டால் இரண்டு தந்திகளுக்கும் இடையே இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஆனால் எந்தத் தந்தி ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று விம்மல் சொல்லாது. மேலே இரண்டு என்றாலும் கீழே இரண்டு என்றாலும் ஒரே விம்மல்தான். வித்வான் பிரடையை லேசாகத் திருகிப் பார்ப்பார். விம்மல் வேகமானால் தப்பான பக்கம் என்று புரிந்துகொண்டு திரும்புவார். மின்சுற்றுக்கு அப்படித் தடவிப் பார்க்க நேரமில்லை. அளக்கும்போதே பக்கமும் தெரிந்தாகவேண்டும்.

இதற்கு 1930-களில் அமெரிக்காவில் விடை கிடைத்தது. 1935-இல் சார்லஸ் டிராவிஸ், தானே அதிர்வெண்ணைத் திருத்திக்கொள்ளும் ரேடியோவைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு ஆர்சிஏ நிறுவனத்தின் ஃபாஸ்டர், சீலி என்ற இரண்டு பொறியாளர்கள் இன்னும் நேர்த்தியான ஒரு சுற்றைக் கண்டார்கள். நட்ட நடுவில் சிக்னல் நின்றால் சுற்றிலிருந்து வரும் மின்னழுத்தம் சுழி. மேலே நகர்ந்தால் நேர் மின்னழுத்தம், கீழே நகர்ந்தால் எதிர் மின்னழுத்தம். எவ்வளவு நகர்ந்தது என்பது அளவிலும், எந்தப் பக்கம் என்பது குறியிலும் தெரிந்துவிடும். படம் வரைந்தால் படுத்துக்கிடக்கும் பாம்பு போல இருக்கும் கோடு அது. பின்னால் எஃப்எம் ஒலியைப் பிரித்தெடுக்கும் சுற்றாக அது உலகப் புகழ் பெற்றது. ஆனால் பிறந்தது ஸ்டேஷன் நழுவாமல் பிடிப்பதற்காகத்தான்.

அந்த மின்னழுத்தத்தை எடுத்து ஆசிலேட்டருக்கே திருப்பிக் கொடுத்தால் வட்டம் முடிந்தது. அந்தக் காலத்தில் ஒரு வால்வையே கண்டென்சர் போல நடிக்கவைத்து ஆசிலேட்டரை இழுத்தார்கள். பிறகு வேரக்டர் டையோடு வந்தது. மின்னழுத்தம் மாறினால் அதன் கண்டென்சர் அளவு மாறும். அரிசி மணி அளவு பொருள், அப்பாவின் கை செய்த வேலையை எடுத்துக்கொண்டது. இதற்கு ஏஎஃப்சி என்று பெயர். பழைய எஃப்எம் ரேடியோக்களில் அந்தப் பெயரில் ஒரு சுவிட்சே இருக்கும். அதை அணைத்துவிட்டு ஸ்டேஷனைப் பிடி, பிடித்தபின் போடு என்று கடைக்காரர் சொல்லிக்கொடுப்பார். காரணம் உண்டு. போட்டபடியே திருப்பினால், பக்கத்தில் பலமான ஸ்டேஷன் இருக்கும்போது, நாம் தேடும் மெலிந்த ஸ்டேஷனை விட்டுவிட்டு அதையே போய்ப் பிடித்துக்கொள்ளும். நல்ல காதுதான், சத்தமாகப் பேசுகிறவன் பக்கம் சாய்கிற காது.

இந்த ஏஎஃப்சிக்கு ஒரு குறை உண்டு. அது பிழையைக் குறைக்கும், ஒழிக்காது. 100 கிலோஹெர்ட்ஸ் நழுவவேண்டியதைப் பத்தாகக் குறைக்கலாம். மீதிப் பத்து நின்றே தீரும். ஏனென்றால் திருத்தும் மின்னழுத்தமே பிழையிலிருந்துதான் பிறக்கிறது. பிழை முழுக்கப் போய்விட்டால் மின்னழுத்தமும் போய்விடும், ஆசிலேட்டர் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

இதைத் தாண்ட வேறொரு வழி இருக்கிறது. கோயில் பிரகாரத்தில் நீங்கள் முன்னே வலம் வருகிறீர்கள், நான் பின்னால் வருகிறேன் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வேகத்தைப் பார்த்து என் வேகத்தைச் சரிசெய்தால் எங்கோ ஒரு சின்ன வித்தியாசம் தங்கும், பத்தாவது சுற்றில் நான் கண்ணுக்கே தெரியமாட்டேன். வேகத்தை விட்டுவிட்டு, நமக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் நான் பார்த்து நடந்தால்? இடைவெளி மூன்று அடி என்றால் எப்போதும் மூன்று அடி. அது மாறாதவரை நம் வேகங்கள் ஒன்றேதான். நூறு சுற்றானாலும் கோடிச் சுற்றானாலும் ஒரு சுற்றுகூடப் பிந்தமாட்டேன். வேகம் என்பது அதிர்வெண், இடைவெளி என்பது கட்டம், அதாவது ஃபேஸ். ஃபேஸைப் பூட்டிவிட்டால் அதிர்வெண்ணில் பிழை மிஞ்சாது. இந்தச் சுற்றைத்தான் ஃபேஸ் லாக்டு லூப், சுருக்கமாகப் பிஎல்எல், என்கிறோம்.

இயற்கை இதை நமக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1665-இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர் அவர். அறையில் ஒரே தாங்கியில் இரண்டு கடிகாரங்கள் தொங்கின. இரண்டின் ஊசல்களும் ஒன்று இடமென்றால் மற்றது வலமென்று பிசகாமல் ஆடுவதைக் கண்டார். கலைத்துவிட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் மறுபடி ஒன்றுசேர்ந்துவிட்டன. தாங்கி வழியாகப் பாய்ந்த நுண்ணிய அசைவு, ஒன்றின் பிழையை மற்றதற்குச் சொல்லியிருக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார்.

மின்சுற்றில் இந்த யோசனையை 1932-இல் பிரான்சின் ஆன்ரி த பெலிசீஸ் எழுதினார். அப்போது அதற்கு ஆகும் வால்வுச் செலவைப் பார்த்து ரேடியோ செய்கிறவர்கள் நெருங்கவில்லை. தொலைக்காட்சி வந்தபின்தான் அதற்கு வாழ்வு. பழைய டிவியில் படம் மாடிப்படி ஏறுவதுபோல் உருண்டுகொண்டே போகும், பின்பக்கத்தில் வெர்டிகல் ஹோல்டு என்ற குமிழைத் திருகி நிறுத்துவோம் அல்லவா? அனுப்புகிறவரின் தாளமும் வாங்குகிறவரின் தாளமும் பூட்டிக்கொள்ளாததன் அடையாளம் அது. 1982-இல் நம் நாட்டில் வண்ணம் வந்தது. பால் (PAL) என்ற அந்த ஒளிபரப்பு முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். நிறம் சரியாக வரவேண்டுமானால் டிவிக்குள் இருக்கும் கிரிஸ்டல் ஆசிலேட்டர் இந்த அலையோடு ஃபேஸ் பிசகாமல் ஓடவேண்டும். அதற்காகப் படத்தின் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும், 64 மைக்ரோவிநாடியில் இரண்டேகால் மைக்ரோவிநாடி மட்டும், பத்தே பத்து அலைகளை நிலையம் அனுப்பும். “இதோ சுருதி, சேர்த்துக்கொள்” என்று விநாடிக்கு 15,625 கோடுகளில் சொல்லும். டிவியில் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சி பார்த்த நாம் அதைக் கண்ணால் கண்டதில்லை.

1969-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் காமென்சின்ட் பிஎல்எல் சுற்று முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கினார். இங்கே இருக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த 555 டைமரும் அவர் வரைந்ததுதான். அதன்பின் பிஎல்எல் இல்லாத கருவியைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மொபைலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. சாதாரணக் கிரிஸ்டலில் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிழை வரலாம். கேட்கச் சின்னதுதான். ஆனால் 900 மெகாஹெர்ட்ஸில் அது 18 கிலோஹெர்ட்ஸ். மொபைல் பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 90 ஹெர்ட்ஸுக்குள், டவரோடு ஒத்துப்போகவேண்டும் என்பது விதி. மலிவான கிரிஸ்டலை வைத்துக்கொண்டு எப்படி முடிகிறது? இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம்மில் டவர் இதற்கென்றே ஒரு தனித் துணுக்கை அவ்வப்போது ஒலிபரப்பும். அதில் செய்தி எதுவும் கிடையாது. கேரியருக்கு, அதாவது செய்தியைச் சுமக்கும் அலைக்கு, மேலே 67.7 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுத்தமான ஸ்வரம், அவ்வளவுதான். மொபைல் அதைக் கேட்டு, தன் கிரிஸ்டல் எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். நான்காம் தலைமுறையில் ஒன்றுக்கொன்று 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நூற்றுக்கணக்கான சிறு அலைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அங்கே திருத்தாமல் விட்டால் ஒருவர் பேச்சு அடுத்தவர் இலையில் விழும்.

இதுவரை சொன்ன பிழைகள் கருவிக்குள் இருப்பவை. வெளியிலிருந்து வரும் பிழை ஒன்று உண்டு. ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது ஊதல் உயர்ந்து வந்து தாழ்ந்து போகுமே, அது. 1842-இல் கிறிஸ்டியான் டாப்ளர் சொன்னது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோள் மேலே போனதும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இருவர் அதன் 20 மெகாஹெர்ட்ஸ் சிக்னலின் அதிர்வெண் உயர்ந்து தாழ்வதை மட்டும் அளந்து, அது போகும் பாதையையே கணக்கிட்டுவிட்டார்கள். தலைகீழாகப் போட்டால் என்ன என்று மேலதிகாரி கேட்டார்: செயற்கைக்கோளின் பாதை தெரிந்திருந்தால், கேட்கிறவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கலாமே? வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் பிறந்தது அந்தக் கேள்வியில்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இங்கு வந்ததற்கான காரணம்.

1997 அக்டோபரில் காசினி என்ற விண்கலம் சனிக்கோளை நோக்கிக் கிளம்பியது. அதன் இடுப்பில் ஒரு குழந்தை. சனியின் பெரிய நிலவான டைட்டனில் இறங்கவேண்டிய ஐரோப்பியக் கலம். அந்த நிலவை 1655-இல் கண்டுபிடித்தவரின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள்: ஹைகன்ஸ். நம்முடைய கடிகாரக்காரரேதான். திட்டம் எளிது. குழந்தை பாராசூட்டில் இறங்கிக்கொண்டே தகவல் அனுப்பும், மேலே பறக்கும் காசினி அதை வாங்கிப் பூமிக்குத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் இடையே விநாடிக்கு சுமார் ஐந்தரை கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஒளியின் வேகம் மூன்று லட்சம். வகுத்துப் பாருங்கள், பத்து லட்சத்துக்கு 18 பங்கு விலகல். 2 கிகாஹெர்ட்ஸ் கேரியரில் அது சுமார் 37 கிலோஹெர்ட்ஸ். வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். காசினியில் இருந்த ரிசீவரின் கேரியர் சுற்று அந்த அளவுக்குத் துரத்திப் பிடிக்கும்படியே செய்யப்பட்டிருந்தது.

2000 பிப்ரவரியில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளர் அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோனில் உள்ள பெரிய ஆன்டெனாவின் முன் உட்கார்ந்தார். பூமியிலிருந்தே ஹைகன்ஸ் கலத்தைப் போல நடித்து, காசினிக்குச் சிக்னல் அனுப்பிப் பார்க்கவேண்டும். வெறும் கேரியரை அனுப்பினால் போதும் என்பது முதலில் இருந்த யோசனை. ஸ்மெட்ஸ் விடவில்லை. உண்மையான தகவல் ஓட்டத்தையும் வைத்து, டாப்ளர் விலகலையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் சொன்னபடியே அனுப்பினார்கள். விலகல் இல்லாமல் அனுப்பியபோது தகவல் ஒழுங்காகத் திரும்பி வந்தது. விலகலைச் சேர்த்ததும் கேரியர் பிடிபட்டது, ஆனால் தகவல் குப்பையாக வந்தது.

என்ன நடந்தது? பாட்டுக்குச் சுருதியும் உண்டு, தாளமும் உண்டு. கேரியர் சுருதி என்றால், அதன் மேல் ஏறிவரும் பிட்டுகள் தாளம். கலம் விநாடிக்கு 8192 பிட் அனுப்புகிறது. டாப்ளர் விளைவு சுருதியை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா போவதில்லை. நெருங்கி வருகிறவர் பாடினால் தாளமும் அதே பத்து லட்சத்துக்கு 18 பங்கு வேகமாகத்தான் வந்து சேரும். 8192-இல் அது வெறும் 0.15. ஏழு விநாடிக்கு ஒரு பிட். இதைப் பின்பற்ற பிட்டுகளின் தாளத்தைப் பிடிக்கும் சுற்றால் முடியவில்லை. சுருதி சேர்ந்திருந்தது, தாளம் தப்பியது.

அந்தச் சுற்று ஏன் முடங்கியது என்பதில்தான் இந்தக் கலையின் நெருக்கடி இருக்கிறது. ஒரு டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஸ்டியரிங்கை ஒடிப்பவர் வளைவை விடமாட்டார், ஆனால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். எதற்கும் அசையாதவர் நேர்ச்சாலையில் சுகமாக ஓட்டுவார், வளைவு வந்தால் வயலுக்குள் இறங்குவார். பிஎல்எல் சுற்றில் வடிகட்டியை அகலமாக வைத்தால் இரைச்சலும் சேர்ந்து நுழையும். குறுக்கி வைத்தால் இரைச்சல் நிற்கும், ஆனால் மாற்றத்தைத் துரத்த முடியாது. தூரத்திலிருந்து மெலிந்து வரும் சிக்னலுக்குக் குறுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். பிட்டுகளைப் பிடிக்கும் சுற்றில் அளவுக்கு மீறிக் குறுக்கியிருந்தார்கள். மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அது பறக்கும்போது மாற்ற முடியாத இடத்தில் எழுதப்பட்டிருந்தது. ரிசீவரோ கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

காதைத் திருத்த முடியாவிட்டால் கேட்கிறவர் போகும் வழியைத் திருத்தவேண்டும். டைட்டனை 1,200 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கவேண்டிய காசினியை, 60,000 கிலோமீட்டர் தள்ளிக் கடக்கும்படி பாதையை மாற்றினார்கள். தண்டவாளத்தை ஒட்டி நின்றால் ரயிலின் ஊதல் கிறீச்சென்று மாறும், தூரத்து வயலில் நின்றால் மெதுவாகத்தான் மாறும். அதே கணக்குதான். ஹைகன்ஸ் கலத்தின் கருவிகளை நான்கு மணி நேரம் முன்னதாகவே எழுப்பிச் சூடேற்றி, அதன் ஆசிலேட்டரையும் சாதகமான பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்கள். சூடேறினால் ஆசிலேட்டர் நகரும் என்பது எங்கள் வீட்டு வால்வு ரேடியோ சொன்ன பாடம். அங்கே அது தொல்லை, இங்கே மருந்து.

2004 நவம்பரில் இறங்கவேண்டிய ஹைகன்ஸ், 2005 ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கியது. தாளம் பிசகவில்லை. ஆனால் இரண்டு ரிசீவர்களில் ஒன்றை இயக்கும் கட்டளையை அனுப்ப மறந்துபோனார்கள். படங்களில் பாதி போயிற்று, சுமார் 350 படங்கள் கிடைத்தன. கலத்தின் மிகத் துல்லியமான ருபிடியம் ஆசிலேட்டர் அந்த மூடிக்கிடந்த வழியில்தான் இருந்தது. டாப்ளர் விலகலை அளந்து டைட்டனில் வீசும் காற்றின் வேகத்தைக் கண்டறியும் சோதனை அதை நம்பியிருந்தது. அது அழிந்துபோயிற்று என்று எண்ணியபோது பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் கைகொடுத்தன. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி உட்பட சில, 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அந்த மெல்லிய கேரியரை நேரடியாகவே பிடித்து அதன் விலகலை அளந்துவிட்டன. டைட்டனில் 120 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு சுமார் 430 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கலத்தையே ஊமையாக்கப் பார்த்த அதே விலகல், இப்போது காற்றின் சேதியைக் கொண்டுவந்தது.

மாணவர்களுக்கு இதில் மூன்று விஷயங்கள் சொல்வேன். பிழையே இல்லாத ஆசிலேட்டர் வேண்டும் என்று தவம் கிடக்காதீர்கள். பத்து ரூபாய்க் கிரிஸ்டலே போதும், தன் பிழையைக் கேட்கும் காது அதற்கு இருந்தால். இரண்டாவது, ஓர் இடத்தில் திருத்தியதை எல்லா இடத்திலும் திருத்தியதாக எண்ணாதீர்கள். கேரியருக்கு ஒரு காது, பிட்டுக்கு ஒரு காது, இரண்டும் தனித்தனி. மூன்றாவது, நீங்கள் கட்டியதை உண்மையான சிக்னலைக் கொண்டே சோதியுங்கள். ஸ்மெட்ஸ் கண்டது புதிய சூத்திரம் எதுவும் இல்லை. “உள்ளபடியே அனுப்பிப் பார்ப்போமே” என்றார், அவ்வளவுதான்.

இதெல்லாம் சனிக்கோள் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஹாம்சாட் என்ற சிறிய செயற்கைக்கோளை அனுப்பியது. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காகவே செய்யப்பட்டது. 435 மெகாஹெர்ட்ஸில் பேசி, 145-இல் கேட்கவேண்டியிருந்தது. தலைக்கு மேல் அது கடந்துபோகும் கால் மணி நேரத்துக்குள் அந்த 145 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூடுதலாகத் தொடங்கி, அதே அளவு குறைவாக முடியும். 2009-இல் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய அனுசாட் பறந்தபோதும் இதே கணக்குதான். கம்ப்யூட்டரை வைத்துத் திருத்தியவர்களும் உண்டு, ஒரு கையில் ஆன்டெனாவும் மறு கையில் குமிழுமாக மொட்டைமாடியில் நின்றவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. அன்று குமிழைத் திருப்பும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஏஎஃப்சி சுவிட்ச் உள்ள பழைய எஃப்எம் ரேடியோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கித் தூசி தட்டுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு ஸ்டேஷனைக் கொஞ்சம் விலக்கி, கரகரப்பு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சுவிட்சை அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். யாரும் முள்ளைத் தொடாமலே பாட்டு தெளியும். அது எப்படி என்று பிள்ளை கேட்டால், இங்கே கேட்டதைச் சொல்லுங்கள்.